பிள்ளை இருந்தால் உள்ளே விடுவார்கள்

வளைகுடாவில் வேலை செய்யும் ஒருவனுக்குப் பிள்ளை பிறந்ததும் முதலில் மாறுவது அவனுடைய வெள்ளிக்கிழமை. அதுவரை அந்த நாள் துணி துவைக்க, ஊருக்குப் பேச, மத்தியானம் தூங்க என்று கழியும். பிள்ளை வந்த பிறகு அதே நாளில் ஷொப்பிங் மோலின் கண்ணாடிக் கதவு அவனுக்காகத் திறக்கிறது.

இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. டோஹாவில் சில மோல்கள் வெள்ளிக்கிழமையைக் குடும்ப நாள் என்று ஒதுக்கியிருந்ததை அங்கே பிழைக்கப்போன எல்லோரும் அறிவார்கள். அன்று தனியாக வரும் ஆண்களை, அதிலும் பார்த்த உடனே கூலியாள் என்று தெரிகிறவர்களை, வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அறிவிப்புப் பலகை எப்போதும் இருக்காது. காவலாளியின் கண் செருப்பைப் பார்க்கும், சட்டைக் கொலரைப் பார்க்கும், தோலின் நிறத்தைப் பார்க்கும். கட்டாரில் வசிக்கும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெளிநாட்டுக்காரர்கள். மொத்த சனத்தொகையில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு ஆண்கள். அவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தைக் கூட்டிவர வழியில்லாமல் தனியாக இருப்பவர்கள். அவர்களுக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில்தான் கதவு அடைபட்டது. தொழிலாளர் விடுதிகள் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் இருக்கக் கூடாது என்று 2010இல் அந்த நாட்டில் சட்டமே வந்தது. மோல் வாசலில் நடந்தது அதே பிரிப்புத்தான்.

இலங்கை மலையகத்துக் கந்தப்பளையில் இருந்து போன புதிதில் என்னையும் ஒரு மோலில் திருப்பி அனுப்பினார்கள். வாசலில் நின்ற நேபாளத்துப் பையன் ‘ஃபெமிலி ஒன்லி’ என்று மெதுவாகச் சொன்னான். அவன் முகத்தில் அதட்டல் இல்லை. தன் ஓய்வு நாளில் அவனுக்கும் இன்னொரு வாசலில் இதே பதில்தான் கிடைத்திருக்கும். பிறகு கணக்குப் பகுதியில் பதவி உயர்ந்து, குடும்ப விசாவுக்கு வேண்டிய சம்பளம் வந்து, மனைவி வந்து, மகள் பிறந்து, தள்ளுவண்டியோடு அதே வாசலுக்குப் போனபோது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆள் அதே ஆள்தான். வண்டியில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பிள்ளையை நான் மோலுக்குக் கூட்டிப்போகிறேனா, பிள்ளை என்னைக் கூட்டிப்போகிறதா?

*

சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம் ஏன் வாராவாரம் மோலுக்குப் போகிறது என்று ஊரில் உள்ளவர்கள் கேட்பதுண்டு. ஆடம்பரம் பழகிவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது வெயிலின் கணக்கு. ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணிக்கும் பிற்பகல் 3.30க்கும் இடையில் வெட்டவெளியில் ஆட்களை வேலை செய்விக்கக் கூடாது என்று 2021 முதல் கட்டாரில் விதி இருக்கிறது. கட்டடம் கட்டுகிற வலுவான ஆணுக்கே ஆகாது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட வெயிலில் இரண்டு வயதுப் பிள்ளை எங்கே ஓடி விளையாடும்? வீடு என்பது எட்டாம் மாடியில் இரண்டு அறை. வாசல் கிடையாது. கதவைத் திறந்தால் நடைபாதை, அதற்கப்பால் மின்தூக்கி. பிள்ளை சுவரில் முட்டி முட்டித் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பது?

ஊரில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், வீட்டுக்கு அறை ஒன்றுதான் இருந்தது. ஆனால் வாசல் இருந்தது. லயத்தின் நீளம் முழுக்க ஓடுகிற வாசல். பத்துப் பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் வளர்ந்தோம். கடல் மட்டத்தில் இருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊர். ஜனவரியில் விடியற்காலையில் பனி உறைந்து கொழுந்து கருகும். வெயில் ஏறும்வரை பிள்ளைகள் வெளியே வர மாட்டோம். வெயில் வந்துவிட்டால் இருட்டும்வரை உள்ளே போக மாட்டோம். மகளுக்கு இது தலைகீழ். வெளியே சூடு, உள்ளே குளிர். வீட்டில் பெனியனோடு திரிகிறவளுக்கு மோல் வாசலில் ஸ்வெட்டர் போட்டுவிடுவோம். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாயி ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவள் கேட்டது, ‘மோலுக்குப் போறோமா?’

குளிரூட்டிய மூடிய மோல் என்ற ஏற்பாடே தட்பவெப்பத்துக்குப் பயந்து பிறந்ததுதான். விக்டர் க்ரூயன் என்ற கட்டடக் கலைஞர் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் நாஜிகளிடம் இருந்து தப்பி அமெரிக்காவுக்குப் போனவர். மினசோட்டா மாநிலத்தின் ஈடைனா நகரில் 1956இல் திறக்கப்பட்ட சவுத்டேல் அவர் வடிவமைத்தது. முழுவதும் மூடப்பட்டு, ஆண்டு முழுவதும் ஒரே வெப்பநிலையில் வைக்கப்பட்ட முதல் மோல் அது. அங்கே பகை வெயில் அல்ல, உறைபனி. கார் இல்லாமல் எங்கும் போக முடியாத அமெரிக்கப் புறநகர் மக்களுக்கு வியன்னாவில் இருப்பது போல நடந்து திரிய, உட்கார, ஆட்களைச் சந்திக்க ஓரிடம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. மோலைச் சுற்றி வீடுகள், பள்ளி, பூங்கா, ஏரி எல்லாம் திட்டத்தில் இருந்தன. கட்டப்பட்டது கடைகளும் கார் நிறுத்தும் திடலும். 1968இல் மனம் கசந்து வியன்னாவுக்கே திரும்பிப் போனார். தன் பெயரைச் சொல்லி உலகெங்கும் எழும்புகிற இந்தக் கட்டடங்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று 1978இல் லண்டனில் பேசினார். நகரத்துக்கு நடுக்கூடம் அமைக்க நினைத்தவருக்குக் கிடைத்தது கல்லாப்பெட்டி.

அவர் விட்டுப்போன ஆசையும் அவர் வெறுத்த வியாபாரமும் டோஹாவில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 2006இல் திறந்த விலாஜியோ மோலுக்குள் வெனிஸ் நகரம் போல வாய்க்கால் ஓடுகிறது, அதில் படகு போகிறது. கூரை முழுக்க நீல வானமும் வெண்மேகமும் தீட்டியிருக்கிறார்கள். பனிச்சறுக்குத் திடலும் உண்டு. அந்த வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே மகள் கேட்டாள், ‘அப்பா, இங்க ஏன் மழையே பெய்றதில்ல?’ இந்த மேகம் விற்பதற்காகத் தீட்டியது, விற்பனைக்கு மழை இடைஞ்சல் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? கந்தப்பளைக்குப் போகும்போது பார்க்கலாம் என்று சமாளித்தேன்.

*

பிள்ளைகளோடு போய்ப் போய் நான் கவனித்த ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கடை என்பதே கண்ணில் படுவதில்லை என்பது. என் மகனுக்கு மோலில் மூன்றுதான் உண்டு. ஏறி இறங்கும் படிக்கட்டு, தரையில் பதித்த விளக்குகள், தரை துடைக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வரும் மனிதர். மூன்றாவதுதான் பெரிது. அந்த மனிதர் தூரத்தில் வரும்போதே அவன் வண்டியில் எழுந்து நின்று கையாட்டுவான். பங்களாதேஷ்காரர். முதலில் அக்கம்பக்கம் பார்ப்பார், மேற்பார்வையாளர் இல்லை என்றால் ஹோர்னை ஒருமுறை மெதுவாக அடிப்பார். அந்த ஆயிரக்கணக்கான சனத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தவன் என் மகன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். நாங்கள் பெரியவர்கள் இயந்திரம் வருகிறது என்று விலகினோம். அவன் ஆள் வருகிறார் என்று பார்த்தான்.

மூன்று வருடத்துக்கு முன் மகளும் அப்படித்தான் கையாட்டினாள். இப்போது ஆட்டுவதில்லை. அவளுடைய கண் பொம்மைக் கடைக்குப் போய்விட்டது. சுப்பர்மார்கெட்டில் பணம் கட்ட நிற்கிற இடத்தில் மிட்டாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தள்ளுவண்டியில் இருக்கும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில். பெரியவர்கள் குனிந்துதான் எடுக்க வேண்டும். அதை அங்கே அடுக்கியவர் பிள்ளைகளின் உயரத்தை அளந்தவர். ஒரு பிள்ளை எந்த வயதில் மனிதரைப் பார்ப்பதை நிறுத்திப் பொருளைப் பார்க்கத் தொடங்குகிறது என்பது எனக்கு இப்போது தெரியும். மோல் அதற்கு அவசரப்படுத்துவதில்லை. வாராவாரம் வந்தால் போதும்.

விளையாட்டுப் பகுதியில் பணத்தைக் கையில் வாங்க மாட்டார்கள். ஓர் அட்டை தருவார்கள். அதில் பணம் ஏற்றி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தேய்க்க வேண்டும். எப்படிக் கணக்குப் போட்டாலும் கடைசியில் அட்டையில் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம் எந்த விளையாட்டுக்கும் போதாது, எறியவும் மனம் வராது. அடுத்த கிழமை திரும்பவும் வருவோம். கந்தப்பளை டவுனில் எங்கள் வீட்டுக்குச் சாமான் கொடுத்த கடைக்காரரிடம் ஒரு கொப்பி இருந்தது. சம்பளம் எடுத்த அன்று அப்பா போய்க் கட்டுவார். ஒருநாளாவது அந்தக் கணக்கு பூச்சியத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அங்கே நாங்கள் கடைக்குக் கடன், இங்கே கடை எங்களுக்குக் கடன். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். ஆளை விடாது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டவுன் பார்க்கிற பயணம் எண்ணித்தான் கிடைத்தது. தீபாவளி முற்பணம் கொடுத்த பிறகு உடுப்பெடுக்க ஒரு தடவை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை. கையில் மிச்சம் இருந்தால் ஏப்ரலில் நுவரெலியா சீசனுக்கு ஒரு தடவை. விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயத் திடல், கிரகரி வாவிக் கரையில் வரிசையாகக் கூடாரக் கடைகள். கொழும்பில் இருந்து வந்த பிள்ளைகள் மட்டக் குதிரையில் ஏறிப் போவார்கள். நாங்கள் குதிரைக்குப் பின்னால் ஓடுவோம். அம்மா ஒவ்வொரு கடை முன்னாலும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார், ‘கண்ணால பாரு, கையால தொடாத.’ அதை இன்று நான் மகளிடம் சொன்னால் அவளுக்குப் புரிவதில்லை. மோலில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலம் நல்லது, இந்தக் காலம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. குதிரைக்குப் பின்னால் ஓடியதில் பெருமை ஒன்றும் இல்லை. என் பிள்ளைகள் குளிர்ந்த தரையில் விழுந்து எழும்பி நடை பழகியது மோலில்தான். நாங்கள் புருஷனும் பெண்டாட்டியும் வாரத்தில் ஒருமுறை எதிரெதிரே உட்கார்ந்து பேசியதும் அங்கேதான். நன்றி கெட்டவனாக இருக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பிள்ளைகளுக்காக அமைத்தது என்று எழுதியிருக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் வெளியேறும் வழி எங்கே என்றுதான் பார்ப்பேன். 2012 மே 28ஆம் தேதி அதே விலாஜியோவில் தீப்பிடித்தது. உள்ளே இயங்கிய குழந்தைகள் காப்பகத்தில் சிக்கி 13 பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களைக் காப்பாற்றப் போன இரண்டு தீயணைப்பு வீரர்களும் நான்கு ஆசிரியைகளும் இறந்தார்கள். மொத்தம் 19 பேர். பெற்றோர் நிம்மதியாகப் போய்வரட்டும் என்று பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட இடம் அது. ஆசிரியைகள் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள், கடைசிவரை அடுத்தவர் பிள்ளைகளோடு இருந்தவர்கள். மோலைப் பற்றி எழுதுகிற எவரும் பிள்ளைகளைச் சொல்வார்கள். பிள்ளைகளைப் பிடித்திருக்கும் கைகளைச் சொல்வது குறைவு. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அந்தக் கைகளைப் பற்றித்தான்.

*

வெள்ளிக்கிழமை மாலையில் எந்த வளைகுடா மோலுக்குப் போனாலும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு காட்சி உண்டு. குடும்பம் ஒரு மேசையில் சாப்பிடும். பக்கத்து மேசையிலோ வண்டிக்குப் பின்னாலோ சீருடை போட்ட ஒரு பெண் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருப்பார். எல்லா வீடும் அப்படி இல்லை. கூடவே உட்காரவைத்துச் சாப்பிடுகிற குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சீருடை சீருடைதான். ஒருநாள் அப்படி ஒருவர், அடம் பிடித்த பிள்ளையிடம் தன்னையறியாமல் ‘ஐயோ, சும்மா இரு சாமி’ என்று சொல்வது காதில் விழுந்தது. அந்தக் குரல் எங்கள் லயத்துக் குரல்.

‘எங்கிட்டு அக்கா நீங்க?’ என்றேன்.

‘ராகலப் பக்கம். நீங்க?’

‘கந்தப்பள.’

‘அட, நம்ம ஊருப் புள்ள!’ என்று சிரித்தவர், உடனே திரும்பி மேசையைப் பார்த்தார். அங்கே யாரும் கவனிக்கவில்லை. கந்தப்பளைக்கும் ராகலைக்கும் ஒரே பாதைதான். ஒரு காலத்தில் நானுஓயாவில் இருந்து ராகலை வரைக்கும் குறுகிய தண்டவாளத்தில் ரயிலே ஓடியது. நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன், அவர் தன் தோட்டத்தைச் சொன்னார். இரண்டு தோட்டத்துக் கோயில் தேரைப் பற்றியும் பேசினோம். பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பல் விழுந்த வாயோடு சிரிக்கும் ஒரு சிறுமி. அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

‘வரும்போது எத்தன வயசு?’

‘ரெண்டு முடியல.’

‘விட்டாங்களா?’

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘பேப்பர்ல எனக்குப் புள்ள இல்ல தம்பி’ என்றார்.

அந்த வசனம் விளங்க ஒரு விதியைச் சொல்ல வேண்டும். 2013இல் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் மூதூர்ப் பெண் ரிசானா நபீக்குக்குச் சவூதி அரேபியாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவரை வயதைக் கூட்டிக் காட்டி அனுப்பியிருந்தார்கள். அவர் பொறுப்பில் விடப்பட்ட கைக்குழந்தை இறந்ததுதான் வழக்கு. நாடே அதிர்ந்துபோயிருந்த நேரம். பிள்ளைகளின் நலனுக்காக என்று வந்த விதியை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் அந்த அறிக்கை ஆண்களிடம் கேட்கப்படவில்லை. நான் போகும்போது எனக்குப் பிள்ளை இருக்கிறதா, இருந்தால் யார் பார்ப்பார்கள் என்று எந்த அலுவலகத்திலும் எவரும் கேட்டதில்லை. விதி வந்தது, வறுமை போகவில்லை. ஆகவே சிலர் போவதை நிறுத்தவில்லை, பிள்ளையைத் தாளில் இருந்து அழித்துவிட்டுப் போனார்கள்.

2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெற்றோலுக்கு வரிசை, மருந்துக்கு வரிசை, டொலர் இல்லை. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் விதி தளர்ந்தது. ஐந்து வயது இரண்டு வயதானது. இந்த மூன்று வருடத் தள்ளுபடியை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பிள்ளைகளின் தேவை 2013க்கும் 2022க்கும் இடையில் மாறிவிடவில்லை. மாறியது திறைசேரி. தாய் அருகில் இருக்க வேண்டிய வயது எத்தனை என்பதை அந்நியச் செலாவணி முடிவு செய்தது.

அந்த அக்காவிடம் ஓய்வு நாள் கொடுக்கிறார்களா என்று கேட்டேன். கட்டாரில் வீட்டுப் பணியாளர்களுக்கு நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு வேண்டும் என்று 2017இல் சட்டம் வந்தது. எனக்கு அந்தச் சட்டம் தெரியும் என்ற மிதப்பில் கேட்டேன். ‘லீவு குடுத்தா மட்டும் எங்க போறது தம்பி? தனியா இங்கிட்டு வந்தா ஒரு மாதிரி பாக்குறாங்க. இந்தப் புள்ளையோட வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க’ என்றார்.

நான் என் தள்ளுவண்டியைப் பார்த்தேன், அவர் பிடித்திருந்த வண்டியைப் பார்த்தேன். இருவரும் ஒரே சீட்டில் உள்ளே வந்திருந்தோம். என்னுடையது சொந்தச் சீட்டு, அவருடையது இரவல். அவருடைய சொந்தப் பிள்ளையோ ஊர் எல்லையைத் தாண்ட விடாத தடையாக இருந்து, பிறகு இல்லாமலே ஆக்கப்பட்டது. ஒரு நாட்டில் பிள்ளை இருந்தால் வெளியே விட மாட்டார்கள். இன்னொரு நாட்டில் பிள்ளை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

*

எங்கள் மக்களின் வரலாற்றில் பிள்ளையை வைத்துக் கணக்குப் பார்ப்பது புதிதல்ல. இலங்கையில் கோப்பி பயிரிட்ட காலத்தில் தமிழகத்தில் இருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடைக் காலத்துக்கு நடந்து வந்து, முடிந்ததும் திரும்பிப் போனார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு அந்தப் பயிர் அழியத் தொடங்கியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் தங்க வேண்டும் என்றால் குடும்பம் வேண்டும். கங்காணிமார் குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்தார்கள், லயம் எழும்பியது. தாய் மலைக்குப் போக வேண்டும் என்பதற்காகப் பிள்ளைக் காம்பராவும் எழும்பியது. துரைமாரின் இரக்கத்துக்கு அதில் பெரிய பங்கில்லை.

நான் பிள்ளைக் காம்பராவில் வளர்ந்தவன். வரிசையாகக் கட்டிய துணித் தொட்டில்கள், எங்கள் எல்லோருக்கும் ஒரே ஆயா. கொழுந்து நிறுக்கிற நேரத்தில் தாய்மார் கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடுவார்கள். கூலியைக் குறைத்து, குடியுரிமையை 1948இல் பறித்து, எவ்வளவோ கொடுமை செய்த அந்த ஏற்பாட்டிலும் ஒன்று இருந்தது. தாயும் பிள்ளையும் ஒரே மலையில் இருந்தார்கள். தோட்டத்துக்கு முழுக் குடும்பமும் தேவைப்பட்டது. வளைகுடாவுக்குக் கை மட்டும் போதும். பிள்ளை அதற்குச் செலவு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019இன் விதிப்படி மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால்தான் குடும்பத்தை வரவழைக்கலாம். வீட்டு வேலை செய்யும் பெண் அந்தக் கோட்டை எப்போது தொடுவார்?

ஆகவே, தாய்மார் ஏன் போகிறார்கள் என்று கேட்பதற்கு முன் ஊரைப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாள் சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அன்றைய மாற்று விகிதத்தில் பதினாறு ரியால் சொச்சம். என் மகளின் விளையாட்டு அட்டையில் ஒரு தடவை ஏற்றும் பணம் அதைவிட அதிகம். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கந்தப்பளையிலேயே பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை, பல வருடம் மூடிக் கிடந்த பிறகு, 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. உலகின் பல மூலைகளில் இருந்து பிள்ளைகளோடு ஆட்கள் வந்து தங்குகிறார்கள். சுற்றிலும் உள்ள லயங்களின் பிள்ளைகளுக்கு அது பாதையில் நின்று பார்க்கிற கட்டடம். பளபளக்கும் இடங்களை வெளியே நின்று பார்க்கிற பழக்கத்தை டோஹாவில் நான் புதிதாகக் கற்கவில்லை.

மோலுக்குப் போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போகாமல் எட்டாம் மாடியில் பிள்ளையை அடைத்து வைப்பதில் எந்த அறமும் இல்லை. ஆனால் யார் உள்ளே வரலாம் என்பதைப் பிள்ளையை வைத்துத் தீர்மானிக்கிற இடத்தைப் பொது இடம் என்று அழைக்க எனக்கு மனம் வராது. தாய் எப்போது போகலாம் என்பதைப் பிள்ளையின் வயதை வைத்துத் தீர்மானித்துவிட்டு, அந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கவலைப்படாத அரசாங்கத்தைப் பிள்ளைகளின் காவலன் என்றும் அழைக்க முடியாது. தடை போடுவது சுலபம். தோட்டங்களில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று இப்போது பெயர் மாற்றப்பட்டிருக்கிற பிள்ளைக் காம்பராக்களை மாலை வரை திறந்து வைப்பதும், பயிற்சி பெற்ற ஆட்களை நியமிப்பதும், தாய் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு அங்கே தனிக் கவனிப்பு ஏற்பாடு செய்வதும் செலவுள்ள வேலை. அந்தச் செலவுக்கு வேண்டிய டொலரை அனுப்புகிறவர்கள் அந்தத் தாய்மார்தான். கேட்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அவர்களோடு சேர்ந்து கேட்க நமக்குக் கடமை இருக்கிறது.

வெளிநாட்டில் சின்னப் பிள்ளைகளோடு வாழும் மலையகத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் பிள்ளை தரை துடைக்கிறவருக்குக் கையாட்டினால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், நீங்களும் ஆட்டுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் சீருடையோடு நிற்கும் பெண்ணின் வாயில் நம் ஊர்த் தமிழ் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். எந்தத் தோட்டம் என்று கேளுங்கள், அவர் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். தாளில் இல்லாமல் போன அந்தப் பெயர் யாராவது ஒருவர் கேட்டாவது சொல்லப்பட வேண்டும்.